நினைத்த ஜோடி சேராதபோது: வாசகர் ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது?

பல பாகங்களாக வந்த நாவலோ தொலைக்காட்சித் தொடரோ மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதையோ முடிந்த மறுநாள், வில்லன் எப்படித் தோற்றான் என்பதைவிட நாயகி யாரை மணந்தாள் என்பதே பெரிய சண்டையாக வெடிக்கிறது. கற்பனைப் பாத்திரங்கள்தானே, யார் யாரோடு சேர்ந்தால் என்ன என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதில் இருக்கிறது. வாசகரின் கோபத்தில் ஒரு பகுதி வெறும் விருப்பம். இன்னொரு பகுதி, கதை தன் பக்கங்களிலேயே கொடுத்த வாக்கை மீறியதால் எழும் நியாயமான குறை. இரண்டும் ஒரே குரலில் ஒலிப்பதால்தான் இந்த விவாதங்கள் எங்கும் போய்ச் சேர்வதில்லை. இவற்றைப் பிரித்துப் பார்க்க முடியும். அதற்கு முதலில் எதிர்பார்ப்பு எப்படி உருவாகிறது, முடிவு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்ற இரண்டும் தெரிய வேண்டும்.

## சில சொற்கள்

ஷிப்: இரண்டு பாத்திரங்கள் காதலர்களாக வேண்டும் என்ற விருப்பம், அல்லது அந்த ஜோடி. ‘ரிலேஷன்ஷிப்’ என்பதன் சுருக்கம். 1990-களில் ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரின் ரசிகர்களிடையே பரவியது. மல்டரும் ஸ்கல்லியும் சேர வேண்டும் என்றவர்கள் ‘ஷிப்பர்’ ஆனார்கள். காதலே வேண்டாம் என்றவர்கள் ‘நோரோமோ’ ஆனார்கள்.

கேனன்: மூலப் படைப்பில் உள்ளபடி நடந்தது. ஃபேனன்: மூலத்தில் இல்லாமல், ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியே உண்மைபோல் நிலைத்துவிட்டது.

எண்ட்கேம்: நடுவில் என்ன நடந்தாலும் கடைசியில் சேரும் ஜோடி.

ஃபேன்ஃபிக்: ரசிகர்கள் அதே பாத்திரங்களை வைத்து எழுதும் கதை. ஜோடிப் பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போடும் வழக்கம் 1970-களில் ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகர்களின் கிர்க்/ஸ்பாக் கதைகளிலிருந்து வந்தது. இன்றைய ஃபேன்ஃபிக் தளங்களில் சாய்கோடு இருந்தால் காதல், ‘&’ குறி இருந்தால் நட்பு. தேடும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

## இணையத்துக்கு முன்பே இருந்த சண்டை

இது சமூக ஊடகங்கள் கொண்டுவந்த நோய் என்று சொல்வது தவறு. சாமுவேல் ரிச்சர்ட்சனின் ‘கிளாரிஸா’ 1747 டிசம்பரில் தொடங்கி ஓராண்டு காலத்தில் பகுதி பகுதியாக வெளிவந்தது. கதை முடியும் முன்பே லேடி பிராட்ஷே என்ற வாசகி புனைபெயரில் அவருக்குக் கடிதம் எழுதினார். நாவலின் காமுகனான லவ்லேஸைத் திருத்தி, நாயகி கிளாரிஸாவுக்கு மணமுடித்து வைக்கும்படி மன்றாடினார். ரிச்சர்ட்சன் மறுத்தார். திருந்திய காமுகனே சிறந்த கணவன் என்ற நம்பிக்கையை உடைக்கத்தான் அவர் அந்த நாவலையே எழுதினார். பிந்தைய பதிப்புகளில் லவ்லேஸின் கொடுமை இன்னும் தெளிவாகத் தெரியும்படி திருத்தங்களும் செய்தார். வாசகியின் சகோதரி லேடி எக்லின் தனக்கு உகந்த வேறொரு முடிவைத் தானே எழுதி வைத்துக்கொண்டார். கடிதம், மறுப்பு, திருத்தம், மாற்று முடிவு என இன்று நடப்பவை எல்லாம் அப்போதே நடந்துவிட்டன.

லூயிஸா மே ஆல்காட் ‘லிட்டில் விமன்’ முதல் பாகத்தை 1868-இல் வெளியிட்டதும், கதையில் வரும் நான்கு சகோதரிகள் யாரை மணப்பார்கள் என்று கேட்டுச் சிறுமிகள் கடிதங்களைக் குவித்தார்கள். யாரையும் திருப்திப்படுத்துவதற்காக அவர்களில் ஒருத்தியான ஜோவை அண்டை வீட்டு இளைஞன் லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்று அவர் நாட்குறிப்பில் எழுதினார். ஜோ மணமாகாத எழுத்தாளராகவே இருக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். வற்புறுத்தல் தாங்காமல், 1869-இல் வந்த இரண்டாம் பாகத்தில் நடுவயதுப் பேராசிரியர் பேயரை அவளுக்குத் துணையாக்கினார். பிடிவாதத்தால் செய்த ஏற்பாடு அது என்று அவரே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். வாசகர் கேட்டதும் கிடைக்கவில்லை, எழுத்தாளர் நினைத்ததும் நடக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் அந்த முடிவு சர்ச்சையாகவே இருப்பதற்கு இந்த இரட்டை இழப்புதான் காரணம் என்று கருதுகிறேன்.

சார்லஸ் டிக்கன்ஸ் எதிர்த்திசையில் போனார். 1861-இல் முடிந்த ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலுக்கு அவர் முதலில் எழுதிய முடிவில் நாயகன் பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் தெருவில் சிறிது நேரம் சந்தித்துப் பிரிந்துவிடுகிறார்கள். நண்பரும் எழுத்தாளருமான புல்வர்-லிட்டன் அச்சுப்படியைப் படித்துவிட்டுச் சொன்ன ஆலோசனையால், இருவரும் கைகோத்து நடக்கும் முடிவு வந்தது. முதல் முடிவு டிக்கன்ஸின் மறைவுக்குப் பின், 1874-இல் வந்த வாழ்க்கை வரலாற்றுப் பகுதியில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. எது சரியான முடிவு என்ற வாதம் இன்றும் தீரவில்லை.

## எதிர்பார்ப்பு உருவாகும் வழிகள்

1. மோதல் என்றால் காதல் என்ற பழக்கம். ஜேன் ஆஸ்டின் 1813-இல் எலிசபெத்தையும் டார்சியையும் முதல் சந்திப்பிலேயே முறைத்துக்கொள்ள வைத்தார். அதன்பின் எத்தனையோ கதைகள் அதே பாதையில் நடந்துவிட்டன. இன்றைய வாசகர், இரு பாத்திரங்கள் கூர்மையாக வாதாடினாலே அதைக் காதலின் முதல் படியாக எடுத்துக்கொள்கிறார். எழுத்தாளர் வெறும் பகையை எழுதியிருந்தாலும் அந்தக் காட்சி அப்படித்தான் வாசிக்கப்படும்.

2. பக்கங்களின் பங்கீடு. நாயகனோடு சேர்ந்து ஆபத்தைச் சந்திப்பவர், திட்டம் போடுபவர், அவனைத் திட்டித் திருத்துபவர் யாரோ அவரோடுதான் வாசகர் அதிக நேரம் வாழ்கிறார். காதலிக்கு நூறு பக்கமும் தோழிக்கு எண்ணூறு பக்கமும் கொடுத்தால், வாசகரின் மனம் தோழியின் பக்கம் சாய்வதில் வியப்பில்லை.

3. காத்திருக்கும் இடைவெளி. இதுதான் எல்லாவற்றிலும் வலிமையானது. முழு நாவலையும் ஒரே மூச்சில் படிப்பவருக்கு ஊகம் செய்ய நேரமில்லை. தொடராக வரும்போது கதை நின்ற இடத்திலிருந்து வாசகர் தானே மேலே எழுதத் தொடங்குகிறார். ஹாரி பாட்டர் வரிசையில் ஐந்தாம் புத்தகம் 2003 ஜூனில் வந்தது. ஆறாவது 2005 ஜூலையில். நடுவில் கழிந்த ஈராண்டில் ஹாரி–ஹெர்மயனி, ரான்–ஹெர்மயனி என்ற இரு தரப்பும் ஒவ்வொரு வரியையும் சான்றாக்கி நீண்ட கட்டுரைகளையே எழுதிவிட்டன. தன் தரப்புக்கு உதவும் வரி மட்டும் நினைவில் நிற்கும். எதிரான வரி கண்ணில் படாமலே போகும். ஆறாம் புத்தகம் வந்தபோது ஒரு தரப்பு இழந்தது இரண்டு ஆண்டு உழைப்பை.

4. முக்கோணம். ஒருவருக்கு இருவர் போட்டி என்று கதை அமைந்தால், எழுத்தாளர் இரு பக்கத்துக்கும் நம்பிக்கை ஊட்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் போட்டியே இல்லை. விளம்பரங்களும் வாசகரை ‘டீம்’ பிரிக்கின்றன. இங்கே ஒரு தரப்பு ஏமாறுவது தவிர்க்க முடியாதது. அதை எழுத்தின் குறையாகச் சொல்ல முடியாது.

5. திரையில் நடிகர்கள். வசனத்தில் இல்லாத நெருக்கம் இரு நடிகர்களின் பார்வையில் வந்துவிடும். படத்தைப் பார்த்துவிட்டு மூலநூலுக்குத் திரும்புபவர் அந்தப் பார்வையையும் சேர்த்தே படிப்பார்.

தன்பால் ஜோடிகள் விஷயத்தில் இன்னொரு கனம் சேர்கிறது. குறிப்புகளையும் நெருக்கமான காட்சிகளையும் காட்டிப் பார்வையாளரை இழுத்துவிட்டு, கடைசியில் இருவரையும் வேறு வேறு இடத்தில் மணமுடித்து வைக்கும் தொடர்களை ‘குவியர்பெய்ட்டிங்’ என்று குற்றம்சாட்டுகிறார்கள். தங்களைப் போன்றவர்களைக் கதைகளில் அரிதாகவே காணும் வாசகருக்கு அது ஒரு ஜோடி சேராத வருத்தத்தோடு நிற்பதில்லை. அந்தக் கோபத்தைச் சாதாரண ரசிகர் சண்டையோடு சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது.

## எழுத்தாளரின் கை எங்கே கட்டப்பட்டிருக்கிறது

கதையின் கருத்து. பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகம் 1913-இல் வியன்னாவில் முதலில் மேடையேறியது. தனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த பேராசிரியர் ஹிக்கின்ஸிடமிருந்து பூ விற்கும் பெண் எலைஸா விடுதலை பெறுவதுதான் அதன் கரு. அவள் அவரிடமே திரும்பி வந்தால் நாடகம் சொன்ன எல்லாமே பொய்யாகிவிடும். ஆனால் 1914 லண்டன் மேடையில் ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ, திரை விழும் முன் எலைஸாவை நோக்கிப் பூக்களை வீசி அதைக் காதல் கதையாக்கினார். ஷா கொதித்துப்போனார். 1916 பதிப்பில் எலைஸா தன்னை விரும்பிய இளைஞன் ஃபிரெட்டியைத்தான் மணந்தாள் என்று நீண்ட பின்னுரையே எழுதிச் சேர்த்தார். அப்படியும் 1938 திரைப்படம் அவள் ஹிக்கின்ஸிடம் திரும்புவதாகவே முடிந்தது.

வரலாறு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. வந்தியத்தேவனின் ஜோடி யார் என்பதில் கல்கிக்கு அதிகத் தேர்வு இல்லை. குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகத் தஞ்சைக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. எனவே மணிமேகலை எவ்வளவு உருகினாலும் அவள் காதல் கைகூட வழியில்லை. பூங்குழலி முழுக்கக் கற்பனை. அங்கேதான் அவருக்குச் சுதந்திரம் இருந்தது. அருள்மொழியை மனத்தில் வைத்திருந்த அவளைச் சேந்தன் அமுதனுக்கு மணமுடித்தார். அதற்கு அவர் முன்கூட்டியே வேலை செய்திருக்கிறார்: அமுதனின் காதல் கதையின் தொடக்கப் பகுதியிலேயே வருகிறது, பூங்குழலியின் மனமாற்றமும் கண்முன் நடக்கிறது. அருள்மொழி–பூங்குழலியை விரும்பிய வாசகர் வருந்தலாம். ஏமாற்றப்பட்டதாகச் சொல்ல முடியாது. பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்கு முடிவுரையில் அவர் பதிலும் சொன்னார்.

முன்பே பூட்டிய முடிவு. ஒரு தந்தை தன் பிள்ளைகளுக்கு அவர்களின் தாயைச் சந்தித்த கதையைச் சொல்லும் ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ தொடர் 2005 முதல் 2014 வரை ஒன்பது சீசன் ஓடியது. பிள்ளைகளாக நடித்தவர்கள் வளர்ந்துவிடுவார்கள் என்பதால், தந்தை மீண்டும் தன் பழைய காதலி ராபினைத் தேடிப் போகும் கடைசிக் காட்சியில் அவர்கள் வரும் பகுதி 2006-லேயே படமாக்கப்பட்டது. அதன்பின் கதை எட்டு ஆண்டு வளர்ந்தது. ராபினுக்கும் தந்தையின் நண்பன் பார்னிக்கும் இடையிலான காதல் ஆழமானது. கடைசி சீசனின் பெரும்பகுதி அவர்களின் திருமண வார இறுதியிலேயே நகர்ந்தது. தாயாக வந்தவரும் பார்வையாளர் மனத்தில் இடம் பிடித்தார். ஆனால் 2014 மார்ச் 31 அன்று ஒளிபரப்பான முடிவில் ராபின்–பார்னி சில நிமிடங்களில் விவாகரத்து செய்தார்கள், தாய் இறந்தார், பழைய காட்சி வந்து சேர்ந்தது. இரண்டாம் சீசனுக்குப் பொருந்திய முடிவு ஒன்பதாம் சீசனுக்குப் பொருந்தவில்லை. அதே ஆண்டில் டிவிடியில் மாற்று முடிவு ஒன்றையும் வெளியிட்டார்கள்.

## எழுத்தே தவறும் இடங்கள்

காதல் நம்பும்படி இருக்கச் சில படிகள் பக்கத்தில் நடந்தாக வேண்டும்: ஒருவர் மற்றவரைப் புதிதாகக் கவனிப்பது, தன் பலவீனத்தைக் காட்டுவது, அவருக்காக எதையாவது இழப்பது, இழந்ததை மற்றவர் உணர்வது. வரிசை மாறலாம். படிகளே இல்லாமல் மோதிரம் மட்டும் வந்தால் சிக்கல். வழக்கமாகக் காணும் பிழைகள்:

1. காலத்தாவல். ‘நருடோ’ மங்கா 700 அத்தியாயங்கள் ஓடி 2014 நவம்பரில் முடிந்தது. கடைசி அத்தியாயத்தில் நருடோவும் ஹினாடாவும் மணமாகிப் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். ஹினாடாவின் ஒருதலைக் காதல் வாசகருக்கு நெடுங்காலமாகத் தெரியும். நருடோ அவளைக் காதலிக்கத் தொடங்கிய தருணம் மட்டும் மங்காவில் இல்லை. அது அடுத்த மாதம் வந்த ‘தி லாஸ்ட்’ திரைப்படத்தில்தான் வந்தது. ஜோடி சரியானதாக இருந்தும் பலருக்கு ஒட்டாமல் போனதற்கு இந்த விடுபட்ட படிதான் காரணம்.

2. போட்டியாளரை அப்புறப்படுத்துவது. தேர்ந்தெடுக்கப்பட்டவரை உயர்த்துவது கடினம். மற்றவரைக் கொல்வதோ திடீரெனக் கெட்டவராக்குவதோ எளிது. வாசகர் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார். முந்நூறு பக்கம் கண்ணியமாக இருந்தவன் கடைசி முப்பது பக்கத்தில் பொறாமைக்காரனாக மாறினால், தேர்வை எழுத்தாளர் செய்தார், நாயகி செய்யவில்லை என்று பொருள்.

3. மீந்தவர்களைக் கோத்துவிடுவது. தனியே நிற்கும் பாத்திரத்துக்கு ஆறுதல் பரிசாக ஒரு ஜோடி. ‘ட்வைலைட்’ வரிசையில் 2008-இல் வந்த ‘பிரேக்கிங் டான்’ நாவலில், பெல்லாவை இழந்த ஜேக்கப் அவளுடைய கைக்குழந்தையோடு விதியால் பிணைக்கப்பட்டது இதன் மிகக் கசப்பான எடுத்துக்காட்டு. எதிர் தரப்பு ரசிகர்களையே அது முகம் சுளிக்க வைத்தது.

4. காதலைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்வது. ‘நீங்கள் இருவரும் எவ்வளவு பொருத்தம்!’ என்று பக்கத்திலிருப்பவர் நான்கு முறை சொல்வார். அந்த இருவரும் தனியே பேசும் காட்சி ஒன்றுகூட இருக்காது.

5. பரிசாகும் நாயகி. நாயகன் வென்றான், ஆகவே அவள் கிடைத்தாள். அவள் பக்கத்தில் முடிவெடுக்கும் தருணமே இருக்காது.

## உங்கள் ஏமாற்றத்தைச் சோதிக்கும் முறை

ஒரு மாலைப் பொழுது போதும். நினைவிலிருந்து செய்ய வேண்டாம். நினைவு உங்கள் ஷிப்பின் பக்கம் சாய்ந்திருக்கும். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் கேனன் ஜோடி, மற்றதில் நீங்கள் விரும்பிய ஜோடி. இருவர் மட்டும் பேசும் காட்சிகளைப் பக்க எண்ணோடு எழுதுங்கள். கூட்டமாக இருக்கும் காட்சிகளைச் சேர்க்காதீர்கள்.

2. ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே, அதனால் யாருடைய முடிவு மாறியது என்று எழுதுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் கோடு போடுங்கள்.

3. நாயகனின் உள்மனம் தெரியும் இடங்களைத் தனியே பாருங்கள். சாவின் விளிம்பில் அவன் யாரை நினைக்கிறான்? பொறாமை எப்போது வருகிறது? எழுத்தாளர்கள் பெரும்பாலும் குறிப்புகளை இங்கேதான் வைக்கிறார்கள். உரையாடலையே தேடும் வாசகர் இவற்றைத் தவறவிடுகிறார்.

4. கேனன் ஜோடியின் காதல் காட்சிகளை நீக்கிவிட்டுக் கதையை மனத்துக்குள் ஓட்டுங்கள். எதுவுமே குலையவில்லை என்றால் அந்தக் காதல் மேலே ஒட்டப்பட்டது.

5. கடைசியாக: கேனன் ஜோடியின் முதல் தெளிவான குறிப்பு எந்த இடத்தில் வருகிறது? முதல் பாதியிலேயே வந்து இடையிடையே தொடர்ந்தால் எழுத்தாளர் தன் வேலையைச் செய்திருக்கிறார். கடைசிப் பத்தில் ஒரு பங்கில்தான் வருகிறது என்றால் உங்கள் குறை நியாயமானது.

இதில் வரும் விடை பலருக்குப் பிடிக்காது. தங்கள் ஜோடிக்கு அதிகக் காட்சிகள் இருந்தும் அவை எல்லாம் நட்புக் காட்சிகளே என்று தெரியவரலாம். அப்போதும் நட்பை எழுத்தாளர் காதலைவிட உயிரோடு எழுதிவிட்டார் என்ற விமரிசனம் செல்லும். மோசடி என்ற குற்றச்சாட்டு செல்லாது.

## எழுத்தாளர் பிறகு பேசினால்

2014-இல் வொண்டர்லேண்ட் இதழுக்காக எம்மா வாட்சனோடு நடந்த உரையாடலில் ஜே. கே. ரோலிங், ரானையும் ஹெர்மயனியையும் சேர்த்தது தன் ஆரம்பத் திட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டதால் என்றும், அதில் இலக்கியக் காரணம் குறைவு என்றும் சொன்னார். தோற்றதாக நினைத்திருந்த ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அந்தப் பேச்சு ஒரு வரியைக்கூட மாற்றவில்லை; 2007-இல் அச்சான பின்னுரையில் அவர்கள் தம்பதிதான். நேர்காணலில் சொல்வது, அந்த மனிதர் இன்று என்ன நினைக்கிறார் என்பதைக் காட்டும். புத்தகம் என்ன செய்கிறது என்பதைப் புத்தகத்திலிருந்துதான் காட்ட வேண்டும். ஷாவின் பின்னுரைக்கும் இதே அளவுகோல்தான்: அவர் எழுதியது தெளிவு, ஆனாலும் மேடையில் எலைஸா கதவைத் தாண்டிப் போனபின் அவர் சொல்லாமல் விட்ட வெற்றிடத்தைப் பார்வையாளர்கள் நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

## ஏமாற்றத்தோடு என்ன செய்வது

விமரிசனம் எழுதுவதானால் ஜோடியின் பெயரை விட்டுவிட்டு விடுபட்ட படியைச் சொல்லுங்கள். ‘அவள் இவனைத்தான் மணந்திருக்க வேண்டும்’ என்ற வரிக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. ‘அவள் மனம் மாறிய காட்சி பக்கத்தில் இல்லை’ என்றால் அதைச் சரிபார்க்கலாம், மறுக்கலாம், ஏற்கலாம்.

மாற்றுக் கதை எழுதுவது லேடி எக்லின் காலத்து வழி. இன்னும் நல்ல வழி. ஹாரி பாட்டர் ரசிகர்கள் கடைசிப் பின்னுரையை மட்டும் ஒதுக்கிவிட்டு எழுதும் கதைகளுக்கென்றே தனிக் குறிச்சொல் வைத்திருக்கிறார்கள். எழுதும்போது கேனன் எந்தக் காட்சியோடு உங்களுக்கு முடிகிறது என்பதை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். ஜோடியையும் குறிச்சொல்லில் சரியாகப் போடுங்கள். எதிர் தரப்பு ஜோடியின் குறிச்சொல்லில் உங்கள் கதையை நுழைப்பது, அவர்களுடைய இடத்தில் போய்ச் சண்டைக்கு நிற்பதற்குச் சமம்.

எழுத்தாளருக்குக் கடிதம் எழுதலாம். ஒரு முறை, படைப்பைப் பற்றி மட்டும். அவருடைய குடும்பத்தையோ, அந்தப் பாத்திரத்தில் நடித்தவரின் சொந்த வாழ்க்கையையோ தொட்டால் அது துன்புறுத்தல். மிரட்டலும் அப்படியே. குறிப்பாகக் கேனன் காதலியாக நடிப்பவர்மீது பாயும் வசவு, அவர் எழுதாத ஒரு முடிவுக்கு அவரைத் தண்டிக்கிறது. தொடர் இன்னும் முடியவில்லை என்றால் இன்னொரு தீங்கும் உண்டு: ரசிகர் மிரட்டலுக்கு அஞ்சிக் குறிப்புகளை நீர்க்கச் செய்யும் எழுத்துக்குழு இரண்டு ஜோடிக்குமே படிகளை எழுதாமல் விட்டுவிடும். ஆல்காட் பேயரைக் கொண்டுவந்ததுபோல, யாருமே கேட்காத மூன்றாவது ஆள் கடைசி அத்தியாயத்தில் வந்து நிற்பார்.

பாதியில் இருக்கும் தொடரைப் பின்தொடர்பவர்கள் மேலே சொன்ன தாளை இப்போதே தொடங்கிவிடலாம். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் இரண்டு பத்தியிலும் காட்சிகளைச் சேர்த்துக்கொண்டே வந்தால், கதை எந்தப் பக்கம் போகிறது என்பது முடிவுக்கு வெகு முன்பே தெரிந்துவிடும்.